எல்லாக் காலத்து ஜாஸும் வாசித்த ஒருவர் உண்டா? (மேரி லூ வில்லியம்ஸ் பற்றிய விவாத இழை)

வாசகர் கேள்வி, ஜூன் 4

ஜாஸ் பியானோக்காரர்கள் ஆளுக்கு ஒரு பாணியோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்விங்கில் (1930களின் நடனத்துக்கான ஜாஸ்) பேர் வாங்கியவர் பீபாப் (1940களின் வேகமான, சிக்கலான பாணி) வந்ததும் பழசாகிறார். பீபாப்காரர் ஃப்ரீ ஜாஸ் (தாளம், மெட்டுக் கட்டுப்பாடுகளை உடைத்த பாணி) வந்ததும் ஒதுங்கிக்கொள்கிறார். எந்தக் காலத்திலும் அந்தக் காலத்து ஆளாகவே வாசித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியுமா? ஹெர்பி ஹான்காக் வேண்டாம், அவரை எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 4, இரவு 10.20

காட்ட முடியும். மேரி லூ வில்லியம்ஸ்.

1910 மே 8 அன்று அட்லாண்டாவில் பிறந்தவர். வளர்ந்தது பிட்ஸ்பர்க். பள்ளிக்கூட வயதிலேயே ஊர் ஊராகப் போகும் மேடைக் குழுக்களில் வாசித்தார். 1930-இல் தனிப் பியானோ இசைத்தட்டு வந்தது. அந்தப் பத்தாண்டு முழுக்க கான்சஸ் சிட்டி ஸ்விங். 1937-இல் இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மனுக்கு ‘ரோல் எம்’ எழுதிக் கொடுத்தார். 1945-இல் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு துண்டாக ஒரு தொகுப்பு. 1949-இல் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பிக்குப் பீபாப் பாட்டு. 1960களில் கோரஸுக்குப் புனித இசை, அப்புறம் முழுத் திருப்பலி. 1977-இல், அறுபத்தாறு வயதில், கார்னகி ஹாலில் சிசில் டெய்லரோடு இரட்டைப் பியானோ. 1981 மே 28 அன்று டர்ஹமில் இறந்தார்.

ஹான்காக் பிறந்ததே 1940-இல். அவர் தொட்டிலில் கிடந்தபோது இந்த அம்மா ஸ்ட்ரைட், பூகி-வூகி என்ற பழைய பியானோ பாணிகளையும் ஸ்விங்கையும் பார்த்து முடித்து, அடுத்தது என்ன என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 5, காலை

“தெலோனியஸ் மங்க், பட் பவல் போன்ற பீபாப் பியானோக்காரர்களுக்கெல்லாம் அக்கா மாதிரி இருந்தவர்தானே? இசையமைப்பாளர் என்று சொல்லும் அளவுக்குப் பெரியவரா?” என்று கீழே கேட்டிருக்கிறீர்கள். இந்த ‘அக்கா’ பட்டம்தான் எனக்கு உறுத்துகிறது.

நியூயார்க்கின் ஹார்லெமில் ஹாமில்டன் டெரஸில் அவர் வீடு இருந்தது. இரவு கிளப் வேலை முடிந்ததும் மங்க், பவல், டாட் டாமரன், கில்லெஸ்பி எல்லாரும் அங்கே போவார்கள், புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் எழுதுகிறவன் இன்னொருவரிடம் தன் எழுத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது, அவர் தன்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர் என்று நம்புவதால்தான். அன்புக்காக மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு யாரும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஆதாரம் வேண்டுமா? 1936-இல் ஆண்டி கர்க் குழுவுக்காக அவர் எழுதிய ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’ கேளுங்கள். நடுவில் துள்ளலாக ஒரு சின்ன வரி வரும். மங்க்கின் ‘ரிதம்-அ-நிங்’ தெரிந்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே வரி, மங்க் எழுதுவதற்குப் பல வருடம் முன்னால்.

ஜூன் 5, மாலை

காலையில் எழுதியதற்கு ஒரு சேர்க்கை. மங்க்கை அவர் முதலில் பார்த்தது நியூயார்க்கில் இல்லை. மங்க் பதின்ம வயதில் ஒரு நற்செய்திப் பிரசங்கியின் குழுவோடு பியானோ வாசித்துக்கொண்டு ஊர் சுற்றியவர். அந்தச் சுற்றில்தான் கான்சஸ் சிட்டிக்கு வந்தார், அப்போதே மேரி லூ அவரைக் கேட்டிருக்கிறார். ஆகவே 1940களின் ஹார்லெம் வீடு ஒரு பழைய பழக்கத்தின் தொடர்ச்சி.

ஜூன் 6

சின்ன வயதுக் கதையைக் கேட்டிருந்தீர்கள். அவரே பேட்டிகளில் சொன்னது: அம்மா வீட்டில் கால் மிதி ஆர்கன் வாசிக்கும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். மூன்று நாலு வயது இருக்கும். ஒருநாள் அம்மா வாசித்து நிறுத்தியதும் குழந்தையின் விரல்கள் அதே மெட்டைத் திருப்பி வாசித்தன. அம்மா திடுக்கிட்டுப் போய்க் குழந்தையை அப்படியே விட்டுவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட ஓடினார்.

இதற்கு அப்புறம் அந்த அம்மா செய்ததுதான் பெரிய விஷயம். பிள்ளைக்கு வாத்தியார் வைக்கவே இல்லை. தான் முறையாகப் பாடம் படித்தபின், தாளைப் பார்த்து வாசிக்க மட்டுமே முடிந்தது, சொந்தமாகக் கற்பனை செய்யும் திறமை போய்விட்டது என்று அவர் நினைத்தார். அதனால் வாத்தியாருக்குப் பதில் நல்ல பியானோக்காரர்களை வீட்டுக்கு வரவழைத்து வாசிக்கச் சொல்லி மகளைக் கேட்கவைத்தார்.

நான் பங்குக் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். கூடவே கொஞ்சம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கிரேடு தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையன், பாடகர் திடீரென்று அரை ஸ்வரம் ஏற்றிப் பாடினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். கேள்வி ஞானத்தில் வந்தவன் தடவித் தடவியாவது பிடித்துவிடுகிறான். பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேரி லூவே பிற்பாடு இசைக்குறிப்பு எழுதப் படித்துக்கொண்டவர்தான். காது முதலில், காகிதம் அப்புறம். அந்த வரிசை அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தது.

பிட்ஸ்பர்க்கில் இன்னொன்றும் நடந்தது. அவர்கள் குடிபோன தெருவில் வெள்ளைக்காரர்கள் சிலர் வீட்டின்மேல் கல் எறிந்தார்கள். சிறுமி நன்றாகப் பியானோ வாசிக்கிறாள் என்று தெரிந்ததும் அதே அண்டை வீட்டார் அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள், கல் நின்றது. எனக்கு இது இனிப்பான கதையாகப் படவில்லை. ஒரு குழந்தை தன் வீட்டுக்குக் கல் விழாமலிருக்க வாசிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 7, இரவு

கான்சஸ் சிட்டி. இதை நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

கணவர் ஜான் வில்லியம்ஸ் சாக்ஸஃபோன்காரர். அவர் ஆண்டி கர்க்கின் குழுவில் சேர்ந்தபோது மேரி லூவுக்கு அங்கே வேலை இல்லை. ஓக்லஹோமாவில் துல்சா ஊரில் சவ அடக்கம் செய்கிற ஒருவருக்கு வண்டி ஓட்டினார். பிணம் ஏற்றிப் போகும் வண்டி. இருபது வயதுகூட ஆகாத பெண். குழுவின் வழக்கமான பியானோக்காரர் ஒரு ஒலிப்பதிவுக்கு வராமல் போனபோது இவரை உட்காரவைத்தார்கள், அதிலிருந்து கதை மாறியது. கொஞ்ச நாளில் பியானோவும் இவர், குழுவுக்கான எழுத்து வேலையும் இவர்.

பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் பெரும்புள்ளியின் கையில் ஊர் இருந்த காலம். மதுவிலக்கு ஏட்டில் மட்டும். கிளப்புகளுக்கு மூடும் நேரமே கிடையாது, அதனால் இசைக்காரர்களுக்குத் தூக்கமும் கிடையாது. பேர்பெற்ற சாக்ஸஃபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் ஊருக்கு வந்த அந்த இரவைப் பற்றி மேரி லூ பிற்பாடு சொல்லியிருக்கிறார். செரி பிளாஸம் கிளப்பில் ஹாக்கின்ஸோடு மோத உள்ளூர் சாக்ஸஃபோன்காரர்கள் பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், ஹெர்ஷல் எவன்ஸ் எல்லாரும் கூடிவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு இவர் ஜன்னலை யாரோ தட்டுகிறார்கள். பார்த்தால் பென் வெப்ஸ்டர். எழுந்து வா, பியானோக்காரர்கள் எல்லாம் களைத்துவிட்டார்கள், ஹாக்கின்ஸ் சட்டையைக் கழற்றிப்போட்டு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார் என்கிறார். இவர் போனார், வாசித்தார்.

யோசித்துப் பாருங்கள். ஊரில் அத்தனை பியானோக்காரர்களும் ஓய்ந்தபின் கூப்பிடப்படுகிற ஆள் யார்? தாங்கக்கூடிய கை யாருக்கு என்று வெப்ஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 8

“தாங்கக்கூடிய கை என்றால் என்ன?” சரியான கேள்வி. இடது கையைச் சொன்னேன்.

1930-இல் சிகாகோவில் பதிவான ‘நைட் லைஃப்’ எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிவைத்துக்கொண்டு போனதில்லை, ஸ்டுடியோவில் உட்கார்ந்த இடத்தில் வாசித்தது. ஸ்ட்ரைட் பாணியில் இடது கை ஒன்றாம் அடியில் அடியாழத்து ஒற்றை ஸ்வரத்தை அடிக்கும், இரண்டாம் அடிக்கு ஒன்றரை சாண் தாவி நடுவில் ஒரு கொத்தை (பல ஸ்வரங்கள் சேர்ந்த கார்டு) பிடிக்கும், மறுபடி கீழே, மறுபடி மேலே. மூன்று நிமிடம் நிற்காது. வலது கை அதன்மேல் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், இடது கை தடுமாறினால் எல்லாம் போச்சு.

அப்புறம் ‘ரோல் எம்’. அது பூகி-வூகி. தாவல் இல்லை. நாலடி அளவுக்குள் (ஒரு பாருக்குள்) எட்டு அடிகளாக இடது கை உருண்டுகொண்டே இருக்க வேண்டும். வீட்டில் வாசித்துப் பார்த்தேன். இரண்டு சுற்று முடிவதற்குள் முன்கை கல்லாக இறுகிவிட்டது. தோளிலிருந்து வாசிக்கக் கூடாது, மணிக்கட்டைத் தளர்த்திவிட்டு அதன் ஆட்டத்திலேயே போக வேண்டும் என்பது வலி வந்த பிறகுதான் புரிந்தது. இந்தக் கை வேலையைப் பெரிய வாத்தியக் குழு முழுவதும் வாசிக்கும்படி அவர் எழுதிக் கொடுத்தார் என்பதுதான் குட்மன் குழுவுக்கு அது அவ்வளவு பொருந்தக் காரணம்.

ஜூன் 8, பிற்பகல்

வாத்தியக் குழு எழுத்து என்றதும் ஒன்று நினைவு வந்தது. முன்னே சொன்ன ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’னில் சாக்ஸஃபோன் வரிசைக்குள் ஒரு டிரம்பெட்டை நுழைத்துவைத்திருக்கிறார். அவர் கேட்ட கொத்துக்கு இன்னொரு குரல் வேண்டும், குழுவில் இன்னொரு சாக்ஸஃபோன் இல்லை. டிரம்பெட்டை அடக்கி வாசிக்கச் சொல்லி அந்த இடத்தை நிரப்பினார். கேட்கும்போது டிரம்பெட் என்றே பட்டென்று தெரியாது. எங்கள் குழுவில் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) வராத ஞாயிறன்று ஆல்டோவில் (தாழ்ந்த பெண் குரல்) ஒரு பெண்ணைக் கீழே இறக்கிப் பாடவைக்கிற எனக்கு இந்தச் சூட்சுமம் ரொம்பப் பிடித்தது.

ஜூன் 10

ராசித் தொகுப்பு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மேஷத்தில் தொடங்கி மீனம் வரை பன்னிரண்டு. நம் ஊர்ப் பழக்கம் போலச் சந்திரன் நின்ற ராசி இல்லை, மேலை முறைப்படி சூரியன் நின்ற ராசி. மே 8-இல் பிறந்த மேரி லூ ரிஷபம், இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனும் ரிஷபம். அதே ராசியில் பிறந்த இசைக்காரர்களையும் நடனக்காரர்களையும் நண்பர்களையும் மனதில் வைத்து ஒவ்வொன்றையும் எழுதினார். மேஷம் பென் வெப்ஸ்டருக்கும் பில்லி ஹாலிடேக்கும். துலாம் ஆர்ட் டேட்டம், கில்லெஸ்பி, பட் பவல், மங்க் நால்வருக்கும்.

எழுதிய விதம் இன்னும் சுவை. டபிள்யூ.என்.ஈ.டபிள்யூ வானொலியில் அவருக்கு வாராந்திர நிகழ்ச்சி இருந்தது. முதல் சில துண்டுகள்தான் தயாராக இருந்தன. மீதியை வாரம் ஒரு ராசியாக, பெரும்பாலும் ஒலிவாங்கி முன்னாலேயே உருவாக்கினார். 1945-இல் ஆல் லூக்கஸ் பாஸும் ஜாக் பார்க்கர் டிரம்ஸும் வாசிக்க மூவர் குழுவாக ஆஷ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு. அதே வருடம் டிசம்பர் 31 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் தந்தி வாத்தியங்களோடு ஒரு சின்ன ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. 1946-இல் சில பகுதிகள் கார்னகி ஹாலில் முழு சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவோடு.

டவுன் ஹால் கச்சேரிக்கு ஒத்திகை போதவில்லை என்பது பதிவிலேயே தெரியும். அந்தப் பதிவு வெளியே வந்ததும் 1991-இல்தான், அவர் இறந்து பத்து வருடம் கழித்து. ஆரன் டீல் என்ற பியானோக்காரர் ‘தி நைட்ஸ்’ ஆர்க்கெஸ்ட்ராவோடு 2023-இல் முழுத் தொகுப்பையும் பதிவு செய்து வெளியிட்டார். அதில் கேட்டபோதுதான் தந்திகளுக்கு அவர் என்ன நினைத்து எழுதினார் என்பது எனக்குத் துலங்கியது.

ஜூன் 10, இரவு

ராசித் தொகுப்பை ஆர்க்கெஸ்ட்ரா பதிவிலேயே தொடங்கலாமா என்று கேட்டவருக்கு: இல்லை, மூவர் குழுப் பதிவைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா அப்புறம். விருச்சிகத்தின் இடது கை முனகலைத் தந்திகள் மூடிவிடுகின்றன.

ஜூன் 12

“1954-இல் மேடையை விட்டே போய்விட்டாராமே, ஏன்?”

1952-இல் இங்கிலாந்து போனார், அங்கிருந்து பாரிஸ். உழைத்துக்கொண்டே இருந்தார், கையில் எதுவும் நிற்கவில்லை. ஒரு நாள் பாரிஸில் ஒரு கிளப்பில் பாதியில் எழுந்து போய்விட்டார். நியூயார்க் திரும்பியபின் சில வருடம் ஜெபமும் பிறருக்குச் செய்கிற உதவியும்தான் வாழ்க்கை. போதையில் விழுந்த இசைக்காரர்களைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அவர்களுக்குப் பணம் திரட்டப் பழைய துணிமணிக் கடை நடத்தினார், ‘பெல் கான்டோ’ என்று ஒரு அறக்கட்டளை தொடங்கினார். 1957 மே மாதம் கத்தோலிக்கத் திருமுழுக்கு, கில்லெஸ்பியின் மனைவி லொரெய்னோடு சேர்ந்து.

மீண்டும் வாசிக்கச் சொன்னவர்கள் குருக்கள். நீ பியானோ வாசிப்பதே ஜெபம்தான் என்கிற விதமாக அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அந்த ஜூலையில் நியூபோர்ட் விழாவில் கில்லெஸ்பி குழுவோடு மேடையேறி ராசித் தொகுப்பிலிருந்து மூன்றை வாசித்தார். பதிவு கிடைக்கிறது. மூன்று வருடம் மேடைப் பக்கம் போகாதவர் என்று சொன்னால்தான் தெரியும்.

ஜூன் 13

புனித இசை பற்றி எழுத எனக்கு ஆசை, இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தேன்.

பெரு நாட்டு லிமாவின் மார்ட்டின் தே போரஸ், கறுப்பினத் தாய்க்கும் ஸ்பானியத் தகப்பனுக்கும் பிறந்தவர், டொமினிக்கன் மடத்துச் சகோதரர். எங்கள் கோயில்களில் துடைப்பத்தோடு நிற்கிற சொரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1962 மே மாதம் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதே வருடம் மேரி லூ அவருக்காக ஒரு துதிப்பாடல் எழுதினார். ‘ஆண்டிஸின் கறுப்புக் கிறிஸ்து’ என்று பெயர்.

தொடக்கத்தில் வாத்தியமே இல்லை. கோரஸ் மட்டும், மிக மெதுவாக. அதில் குரல்களைக் கட்டியிருக்கும் விதம் வழக்கமான தேவாலயப் பாட்டு மாதிரி இல்லை. ஒவ்வொரு கொத்திலும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் உரசிக்கொண்டே நிற்கும், தீரப் போகிறது என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு உரசலுக்கு நகரும். அது பீபாப் கொத்து, பாடுவது மட்டும் கோரஸ். நடுவில் பியானோ லத்தீன் தாளத்தோடு உள்ளே வந்து, சுருக்கமாகப் பேசிவிட்டு விலகிவிடும். குரல்கள் தொடரும்.

எங்கள் குழுவில் முதல் பன்னிரண்டு அளவை மட்டும் பாடிப்பார்க்கச் சொன்னேன். இரண்டாம் சோப்ரானோக்கள் (உயர்ந்த பெண் குரல்கள்) தங்கள் ஸ்வரத்தைத் தப்பு என்று நினைத்துப் பக்கத்து ஸ்வரத்துக்கு வழுக்கிவிட்டார்கள். சரியாகத்தான் பாடுகிறீர்கள், உரசட்டும் விடுங்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் நிற்கவைத்தேன். நின்ற அந்த நொடியில் ஒரு அக்கா சிரித்துவிட்டார், அவ்வளவு புதிதாக இருந்தது.

திருப்பலி இசை அதற்கு அப்புறம். ஆல்வின் ஐலி 1971-இல் ‘மேரி லூஸ் மாஸ்’ என்று அதற்கு நடனம் அமைத்தார். 1975 பிப்ரவரியில் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் திருப்பலியாகவே நடந்தது. வழிபாட்டில் உள்ளூர் மொழிக்கும் இசைக்கும் இடம் தந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் திறந்துவிட்ட கதவு அது. அதே கதவு வழியாகத்தான் நம் பக்கம் தமிழ்ப் பூசையும் மிருதங்கமும் கோயிலுக்குள் வந்தன.

ஜூன் 14

ஒருவர்: “பெண் என்பதால்தான் மறக்கப்பட்டாரா?” 

அது இல்லாமல் இல்லை. ஆண் மாதிரி வாசிக்கிறாள் என்பதுதான் அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. ஆனால் கேள்வி கேட்டவரின் முதல் வரிக்கே திரும்பிப் போகிறேன்: எல்லாப் பாணியும் வாசித்தவரை எந்த அலமாரியில் வைப்பது? ஸ்விங் பற்றி எழுதுகிறவர் அவரை 1942 வரைக்கும் பார்த்துவிட்டு நிறுத்துகிறார், பீபாப்பைப் பற்றி எழுதுகிறவர் ‘வீட்டுக்கார அம்மா’ என்று ஒரு பத்தி தருகிறார். முழு ஆள் எங்கும் இல்லை.

ஜூன் 16, நள்ளிரவு

சிசில் டெய்லர் கச்சேரியைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். 1977 ஏப்ரல் 17.

டெய்லர் ஃப்ரீ ஜாஸின் உச்சம். ஜாஸ் வரலாற்றை மரமாகக் காட்டி மேரி லூ வரையவைத்த ‘ஜாஸ் மரம்’ படத்தில் அவாங்கார்ட் (டெய்லர் வகைச் சோதனை இசை) இருப்பது இலையில்லாத கிளைப் பக்கத்தில். ப்ளூஸிலிருந்து சாறு இறங்காத கிளை என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்டவர் தானே டெய்லரைத் தேடிப்போய் இரட்டைப் பியானோ கச்சேரிக்கு அழைத்தார். முதல் பாதிக்குத் தன்னுடைய துண்டுகளை, ஆன்மிகப் பாட்டு, ராக்டைம், ப்ளூஸ் என்று வரிசையாக எழுதிவைத்திருந்தார். டெய்லர் அந்தத் தாளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தன் வழக்கப்படி மழையாகக் கொட்டினார். பிற்பாதியில் பாப் க்ரான்ஷாவும் மிக்கி ரோக்கரும் பாஸோடும் டிரம்ஸோடும் வந்து சேர்ந்தார்கள்.

முதன்முறை கேட்டபோது அவருக்காகக் கோபம் வந்தது. விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டில் குரலை உயர்த்தலாமா என்று.

ஜூன் 17

நேற்றையதை இன்று மறுபடி கேட்டேன், ஹெட்போனில். என் எண்ணம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. டெய்லர் கொட்டும்போது மேரி லூ பின்வாங்கவில்லை. சில இடங்களில் இடது கையில் ஒரு ப்ளூஸ் உருவைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். இன்னும் சில இடங்களில் அதே அடர்த்தியில் கொத்துகளை எதிரே வைக்கிறார், எந்தக் கை யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஃப்ரீ ஜாஸ் அவருக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. 1963-64 வாக்கிலேயே ‘எ ஃபங்கஸ் அமங்கஸ்’ என்று தனிப் பியானோவில் செய்து காட்டியவர். பிடிக்காது, ஆனால் தெரியும். கடைசியில் தனியாக உட்கார்ந்து வாசித்த துண்டுகள் இருக்கின்றனவே, அங்கே அவருடைய ஜாஸ் மரம் முழுக்கக் கேட்கிறது.

சேர்ந்ததா அந்தக் கச்சேரி? சேரவில்லை. நடந்திருக்க வேண்டியதா? நிச்சயமாக. அறுபத்தாறு வயதில் ஜாஸ் பியானோக்காரர் வேறு யார் இப்படி ஒரு வம்பைத் தேடிப்போனார்கள்?

ஜூன் 19

டியூக் பல்கலைக்கழகத்தில் 1977 முதல் இறக்கும் வரை இசைஞராக இருந்து பாடம் நடத்தினார். 1983-இல் அங்கே கறுப்பினப் பண்பாட்டு மையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1978-இல் பியானோக்காரர் மரியன் மெக்பார்ட்லண்டின் ‘பியானோ ஜாஸ்’ வானொலித் தொடருக்கு முதலில் பதிவானது அவர் நிகழ்ச்சி. அவர் பேசிக்கொண்டே வாசித்துக் காட்டுவதைக் கேட்க வேண்டுமானால் அங்கே போங்கள்.

ஜூன் 20

எங்கே தொடங்குவது என்று கேட்டவருக்கு: 1974-இல் வந்த ‘ஸோனிங்’. வயதான கை என்று சொல்லவே மாட்டீர்கள், பாஸோடு சேர்ந்து இடது கை போடும் அழுத்தமான சுழற்சி இன்றைக்குப் பதிவானது போல இருக்கும். அப்புறம் நேராக 1930-க்குப் போய் ‘நைட் லைஃப்’. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபின் ராசித் தொகுப்பு, மூவர் குழுப் பதிவு. புனித இசைக்கு ஒரு மாலையைத் தனியாக ஒதுக்குங்கள். கார்னகி ஹால் இரட்டைப் பியானோ கடைசியில், அதுவும் ஹெட்போனில், இல்லாவிட்டால் இரண்டு கைகளும் கலந்துவிடும்.